மண்ணில் இறங்கிய மன்னர் மகள்



ராஜா ராணிக் கதை என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் சோற்றுத் தட்டையும் மறந்து உட்கார்ந்துவிடுவார்கள். வைர முடி, பட்டாடை, குதிரை வண்டி, கைகட்டி நிற்கும் பணியாட்கள்! இன்று நான் சொல்லப்போகும் கதையிலும் இவையெல்லாம் உண்டு. ஆனால் அவை கதையின் தொடக்கத்தில்தான் உண்டு. கதை முடிகின்ற இடமோ, கனடா நாட்டின் டொராண்டோ நகரில் ஓர் அழகு நிலையத்திற்கு மேலே இருந்த சின்னக் குடியிருப்பு.

ருஷ்ய நாட்டை ஆண்ட ஜார் மன்னர் மூன்றாம் அலெக்சாண்டரின் கடைசி மகள் ஓல்கா. அரண்மனையிலிருந்து அந்த மாடி வீட்டுக்கு வந்து சேர அவருக்கு 78 ஆண்டுகள் பிடித்தன. அந்த நெடுவழியில் அவரிடமிருந்து பறிபோனவை எவை? எவரும் பறிக்க முடியாமல் அவரோடு கூடவே வந்தவை எவை? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1882-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பீட்டர்ஹோப் என்னும் கடலோர அரண்மனையில் ஓல்கா பிறந்தார். அவருடைய தாயார் டென்மார்க் நாட்டு அரசகுமாரி. திருமணமாகி ருஷ்யாவுக்கு வந்தபின் மரியா என்று பெயர் பெற்றவர். மன்னருடைய மற்றப் பிள்ளைகள் எல்லாம் அவர் இளவரசராக இருந்த காலத்தில் பிறந்தவர்கள். பட்டத்திற்கு வந்தபின் பிறந்தவர் ஓல்கா ஒருவரே. அதனால் அவருக்குத் தனிச் சிறப்பு உண்டு.

ஆனால் அந்தப் பட்டம் வந்த வழி கொடுமையானது. 1881-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஓல்காவின் பாட்டனார் இரண்டாம் அலெக்சாண்டர் பீட்டர்ஸ்பர்க் நகரத்துத் தெருவிலேயே வெடிகுண்டு வீசிக் கொல்லப்பட்டார். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வந்த பண்ணை அடிமைகளை 1861-இல் விடுதலை செய்தவர் அவர்தான். அவருக்கே அந்த முடிவு! எனவே புதிய மன்னர் தலைநகரில் வாழ அஞ்சி, நகருக்கு வெளியே காச்சினா என்னும் அரண்மனையில் பலத்த காவலோடு குடும்பத்தை வைத்திருந்தார்.

பல நூறு அறைகள் கொண்ட மாளிகை அது. அதற்குள் வளர்ந்த குழந்தைகளின் வாழ்க்கையைக் கேட்டால் வியப்பீர்கள். படுக்கப் பட்டுமெத்தை கிடையாது. போர்வீரர்கள் படுக்கும் மடக்குக் கட்டிலும் தட்டையான மெத்தையும்தான். குளிப்பது குளிர்ந்த நீரில். காலை உணவு கஞ்சி. இப்படி எளிமையாக வளர்க்க வேண்டுமென்பது தந்தையாரின் கட்டளை. குழந்தையைப் பேணி வளர்த்தவர் எலிசபெத் பிராங்க்ளின் என்னும் ஆங்கிலேய ஆயா. ஓய்வு கிடைத்தால் மன்னர் பிள்ளைகளை அருகிலிருந்த காட்டுக்கு நடத்திச் செல்வார். அந்த நடைகள்தாம் ஓல்காவுக்குத் திருவிழா.

சிறுமிக்கு ஒரு பழக்கம். கையில் பென்சிலோ தூரிகையோ இருந்தால்தான் பாடம் காதில் ஏறும். கணக்குப் பாடமானாலும் பூகோளப் பாடமானாலும், அவர் பாட்டுக்குக் கதிரையும் காட்டுப்பூவையும் வரைந்துகொண்டே கேட்பார். ஆசிரியர்களும் அதற்கு அனுமதி தந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

1888-ஆம் ஆண்டு, ஓல்காவுக்கு ஆறு வயது. அக்டோபர் 29-ஆம் நாள், மன்னர் குடும்பம் பயணம் செய்த ரயில் போர்க்கி என்னும் இடத்தில் தடம்புரண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மன்னர் குடும்பம் உயிர் தப்பியது. ஆனால் மன்னரின் உடல்நலம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1894-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், 49 வயதில் அவர் காலமானார். ஓல்காவுக்கு அப்போது 12 வயது. மூத்த அண்ணன் நிக்கலஸ் 26 வயதில் ஜார் மன்னரானார்.

இந்த நிக்கலஸ், இளவரசராக இருந்தபோது கிழக்கு நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு, இந்தியா, இலங்கை வழியாக 1891-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கும் வந்து போனவர். நம் முன்னோர்கள் கப்பலேறி வந்து இறங்கிய அதே கடல்வழியில்தான் அவருடைய போர்க்கப்பலும் வந்தது. உலகின் ஆறில் ஒரு பங்கு நிலத்தை ஆளப் பிறந்தவர் அவர். கூலிக்கு மரம் வெட்டப் பிறந்தவர்கள் நம்மவர்கள்.

ஆனால் மகுடம் சூடிய நாளிலிருந்தே அவருக்கு நல்ல காலம் இல்லை. 1896-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாஸ்கோவில் முடிசூட்டு விழா. ஏழை மக்களுக்கு உணவும் குவளையும் பரிசாக வழங்கப்படும் என்று அறிவித்திருந்தார்கள். திரண்ட கூட்டம் நெரிந்ததில் 1,300-க்கும் மேற்பட்டோர் மிதிபட்டு இறந்தார்கள். அன்று இரவே மன்னர் பிரெஞ்சுத் தூதர் அளித்த நடன விருந்துக்குப் போனார். மக்கள் அதை மறக்கவில்லை.

1905-ஆம் ஆண்டு ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் மனைவி மக்களோடு, மன்னரின் படத்தையும் தங்கள் தெய்வப் படங்களையும் ஏந்திக்கொண்டு, ஒரு பாதிரியார் தலைமையில் அரண்மனையை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். எட்டு மணி நேர வேலை வேண்டும், நியாயமான கூலி வேண்டும் என்பவை அவர்கள் கொண்டுவந்த மனுவில் இருந்த கோரிக்கைகளுள் சில. மன்னர் அன்று அரண்மனையில் இல்லை. படைவீரர்கள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். கூலி கேட்டு ஊர்வலம் போவதென்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரண்மனையின் ஒவ்வொரு விளக்கும் யாருடைய வியர்வையில் எரிந்தது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஓல்காவின் சொந்த வாழ்க்கைக்கு வருவோம். 19 வயதில், 1901-ஆம் ஆண்டில், அவரைவிட 14 வயது மூத்தவரான பீட்டர் என்னும் ஓல்டன்பர்க் கோமகனுக்கு மணம் செய்து வைத்தார்கள். தம்பதிக்குக் குடியிருக்கத் தலைநகரில் இருநூறு அறைகள் கொண்ட மாளிகை! ஆனால் கணவருக்குச் சூதாட்டத்தில்தான் நாட்டம். பெயரளவில் மட்டுமே அது திருமணமாக இருந்தது. இருநூறு அறைகள் இருந்தும், பேச ஒரு துணை இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1903-இல், நிக்கலாய் குலிகோவ்ஸ்கி என்னும் குதிரைப்படை அதிகாரியை ஓல்கா சந்தித்தார். அவர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவரல்லர். இருவர் மனமும் ஒன்றுபட்டது. ஓல்கா எதையும் மறைக்கவில்லை. நேரே கணவரிடம் சென்று உள்ளதைச் சொல்லி மணவிலக்குக் கேட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து யோசிக்கலாம் என்றார் கணவர். ஏழு ஆண்டுகளும் போயின. அதற்கு மேலும் போயின. 1916-ஆம் ஆண்டில்தான் அண்ணன் நிக்கலஸ் அந்தத் திருமணத்தை ரத்து செய்தார். அவ்வாண்டு நவம்பரில் கீவ் நகரத்துச் சிறிய தேவாலயம் ஒன்றில் ஓல்காவும் குலிகோவ்ஸ்கியும் மணமக்களானார்கள். காத்திருந்தது 13 ஆண்டுகள்!

அந்த நீண்ட காத்திருப்புக் காலத்தை அவர் கண்ணீரிலேயே கழித்துவிடவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வொரோனெஷ் மாநிலத்தில் அவருக்குச் சொந்தமான பண்ணை ஒன்று இருந்தது. அங்கே கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்தார். ஒரு மருத்துவமனையையும் ஏற்படுத்தினார். கொடுத்ததோடு நில்லாமல், அங்கிருந்த வைத்தியரிடமே மருத்துவப் பணியைக் கற்றுக்கொண்டார். நம் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டிரெசர் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவாரே, அந்த வேலையை மன்னரின் தங்கை கற்றார்!

அது வீண்போகவில்லை. 1914-இல் முதல் உலகப்போர் வந்தது. ஓல்கா அம்மையார் ரோவ்னோ என்னும் ஊரில், போதிய ஆட்கள் இல்லாத செஞ்சிலுவை மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்தார். பின்னர் கீவ் நகரில் பணி தொடர்ந்தது. மற்றத் தாதிகளோடு தாதியாக நின்று அவர் வேலை பார்த்தார்.

1917-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புரட்சி வெடித்தது. ரொட்டிக்கு வரிசையில் நின்று சலித்த பெண்களும் ஆலைத் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். படைவீரர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். நிக்கலஸ் முடி துறந்தார். முந்நூறு ஆண்டுகள் ஆண்ட ரோமனோவ் குலத்தின் ஆட்சி சில நாட்களில் முடிந்தது.

பிறகு நடந்தது யாவரும் அறிந்ததே. 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓல்காவின் இளைய அண்ணன் மைக்கேல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 17-ஆம் நாள் இரவில், எக்காத்தரின்பர்க் நகரத்து வீடொன்றின் நிலவறையில் நிக்கலஸும், அவர் மனைவியும், நான்கு பெண்களும், நோயாளியான ஒரே மகனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு சேர்ந்து மாண்டவர்கள் இன்னும் நால்வர்: ஒரு மருத்துவர், ஒரு சமையற்காரர், ஒரு பணியாளர், ஒரு பணிப்பெண். தொழிலாளர்களைச் சுட்டது கொடுமை என்று சொன்ன அதே வாயால் இதையும் கொடுமை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

ஓல்காவோ அப்போது கிரைமியாவில் இருந்தார்; தாயாரும் அக்காள் சேனியாவும் அங்கேயே இருந்தார்கள். அங்கேதான் 1917 ஆகஸ்டில் மூத்த மகன் டிகோன் பிறந்தான். 1919-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று வந்து தாயாரையும் அக்காளையும் ஏற்றிச் சென்றது. ஓல்கா ஏறவில்லை. பிறந்த மண்ணை விட்டுப்போக அவருக்கும் கணவருக்கும் மனமில்லை. தாயாரின் மெய்க்காவலராக இருந்த ஒருவரின் சொந்த ஊரான குபான் கிராமத்திற்குப் போய், வாடகைக்கு எடுத்த பண்ணை வீட்டில் தங்கினார்கள். இரண்டாம் மகன் கூரி அங்கேதான் பிறந்தான். அரண்மனை மருத்துவர்கள் இல்லை. அன்னை அருகில் இல்லை.

சண்டை அங்கும் நெருங்கியது. கைக்குழந்தையும் கையுமாக மறுபடி ஓட்டம். கருங்கடல் துறைமுகத்தில் டென்மார்க் நாட்டுத் தூதரின் வீட்டில் அடைக்கலம். அங்கிருந்து கப்பலேறி, இஸ்தான்புல் அருகே அகதிகள் தங்கவைக்கப்பட்ட ஒரு தீவு. அங்கே மூன்றே அறைகள். அந்த மூன்று அறைகளில் ஓல்கா குடும்பத்தோடு இன்னும் பதினொரு பெரியவர்கள்! இருநூறு அறைகளில் தனிமையில் தவித்தவர் மூன்று அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு, கணவரோடும் பிள்ளைகளோடும் உயிர்பிழைத்துக் கிடந்தார்.

1920-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று அவர்கள் டென்மார்க் வந்து சேர்ந்தார்கள். தாயார் அங்கேதான் இருந்தார். மகன் நிக்கலஸ் இறந்துவிட்டான் என்பதை அந்தத் தாய் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஓல்கா அவருக்குத் துணையாகவும் எழுத்து வேலை பார்ப்பவராகவும் இருந்தார். அரச குலத்தில் பிறக்காத மருமகனுக்கு அந்த வீட்டில் முழு மரியாதை கிடைத்ததில்லை. மாமியார் வீட்டுக் கதை எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

அந்தக் காலத்தில் மனத்தை அறுத்த மற்றொரு சம்பவமும் நடந்தது. இறந்துபோன மன்னரின் கடைசி மகள் அனஸ்தாசியா நான்தான் என்று சொல்லிக்கொண்டு பெர்லின் நகரில் ஒரு பெண் இருந்தாள். அனஸ்தாசியா, ஓல்காவின் ஞானமகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் பெண்களை வீட்டுக்கு அழைத்துவந்து விளையாடவிட்டு மகிழ்ந்த அத்தை அவர். நெஞ்சில் நம்பிக்கையோடு 1925-இல் பெர்லினுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தார். இவள் என் அண்ணன் மகள் அல்லள் என்ற முடிவுக்கு வந்தார். உறவினர் பலர் அவரை ஏசினார்கள். ஆனால் 1994-இல் நடந்த மரபணுச் சோதனை, அந்தப் பெண் ரோமனோவ் குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்லள் என்று மெய்ப்பித்தது. இறந்த பிள்ளைகளில் காணாமலிருந்த இருவரின் எலும்புகளும் 2007-இல் கிடைத்தன. அனஸ்தாசியா அந்த இரவில் தப்பவே இல்லை.

1928-ஆம் ஆண்டில் தாயார் மறைந்தார். தாயாரின் வீடு விற்கப்பட்டு, கிடைத்த பங்கில் ஓல்கா குடும்பம் கோப்பன்ஹேகன் நகருக்கு வெளியே பாலரூப் என்னும் ஊரில் ஒரு பண்ணையை வாங்கியது. மாடு, குதிரை, பன்றி, கோழி, வாத்து எல்லாம் உண்டு. வீட்டு வேலை செய்தார். வயலில் இறங்கி வேலை செய்தார். மாலையில் தூரிகையை எடுத்தார். நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்தத் தூரிகைதான்! வயல், வீட்டு முற்றம், சாளரத்தில் வைத்த பூச்சட்டி, இழந்துபோன ருஷ்யக் கிராமம் ஆகியவற்றை வரைந்தார். படங்கள் கோப்பன்ஹேகன், லண்டன் முதலிய நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன, விலைக்கும் போயின. வாழ்நாளில் அவர் வரைந்தவை 2,000-க்கும் மேல். வந்த பணத்தில் ஒரு பகுதியைத் தம்மைப்போல் நாடிழந்த ருஷ்யர்களுக்குக் கொடுத்தார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சோவியத் அரசு அவர்மீது குற்றம் சாட்டியது. பாதுகாப்பில்லை என்ற அச்சத்தில், 1948-ஆம் ஆண்டு, 66 வயதை எட்டவிருந்த ஓல்கா அம்மையார் மீண்டும் மூட்டை கட்டினார். கணவர், மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகளோடு கனடாவுக்குக் கப்பலேறினார். எந்தப் பெயரில் தெரியுமா? விவசாயக் குடியேறிகள் என்ற பெயரில்! ஒண்டாரியோ மாநிலத்தில் 200 ஏக்கர் பண்ணை ஒன்றில் மறுபடியும் மாடு, மறுபடியும் மண்.

அந்தக் கப்பலில் இன்னொருவரும் இருந்தார். எமிலியா டென்சோ. மிம்கா என்று செல்லமாக அழைப்பார்கள். ருஷ்யாவில் ஓல்காவின் பணிப்பெண்ணாக இருந்து, டென்மார்க்குக்கும் பின் கனடாவுக்கும் கூடவே வந்தவர். பண்ணை வேலைக்கு ஆள் கிடைக்காமலும், கணவருக்கு உடல் தளர்ந்தும் போனபோது, 1952-ஆம் ஆண்டு வாக்கில் பண்ணையை விற்றுவிட்டு, டொராண்டோ அருகே குக்ஸ்வில் என்ற இடத்தில் ஐந்து அறை வீட்டுக்கு மாறினார்கள். மிம்காவும் உடன் போனார். அங்கே மிம்காவுக்குப் பக்கவாதம் வந்தது. படுத்த படுக்கையானார்.

மிம்காவைக் கவனித்துக்கொள்ள யார் வந்தது? மன்னர் மகள்தான். ஒரு காலத்தில் தமக்கு உடை எடுத்துக் கொடுத்த கைகளைத் தாமே பிடித்துத் துடைத்து, உணவூட்டி, 1954-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் மிம்கா கண்ணை மூடும்வரை ஓல்கா அம்மையார் பார்த்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் நான் மிகப் பெரிதாக மதிப்பது இதைத்தான். கிராமத்து மருத்துவமனையிலும் போர்க்காலத்திலும் கற்ற தாதிப் பணி, கடைசியில் ஒரு பணிப்பெண்ணின் படுக்கையருகே வந்து நின்றது.

1958-இல் கணவர் மறைந்தார். 1959 ஜூன் மாதத்தில் எலிசபெத் அரசியார் கனடா வந்தபோது, தம் கப்பலில் விருந்துக்கு இந்த முதிய உறவினரை அழைத்தார். விருந்து முடிந்ததும் அம்மையார் திரும்பி வந்தது தோட்ட வேலையும் கடைக்குப் போவதும் தாமே செய்துகொள்ளும் அந்தச் சிறு வீட்டுக்குத்தான். 1960-இல் உடல் முற்றிலும் தளர்ந்தது. அழகு நிலையத்துக்கு மேலே குடியிருந்த ருஷ்யத் தம்பதி அவரைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள் அங்கேயே உயிர் பிரிந்தது.

அவருடைய வீட்டுப் பொருள்களை மதிப்பிட்டார்கள். மொத்தம் 350 கனடா வெள்ளி. அதைக் கேட்டு, ஐயோ, பிச்சைக்காரியாக இறந்தாரோ என்று எண்ணிவிடாதீர்கள். பங்குகளாகவும் பத்திரங்களாகவும் 2,00,000 வெள்ளிக்கு மேல் விட்டுச் சென்றார். மலிவான துணி உடுத்தி, வீட்டில் ஆடம்பரம் இல்லாமல் வாழ்ந்த கிழவியின் சேமிப்பு அது! உள்ளதைச் சொல்லிவிட வேண்டுமல்லவா? இன்னொன்றையும் சொல்கிறேன். அவர் ஓடிவந்தபோது கைகொடுக்கத் தூதர்கள் இருந்தார்கள், அரச உறவினர் இருந்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்து, லாரியில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு பட்டணம் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு எந்த ராணி விருந்து வைத்தார்? இழப்பைப் பற்றி அரச குடும்பம் நமக்குப் பாடம் நடத்த வேண்டிய அவசியம் இல்லை.

ஆயினும் ஒரு கணக்கை மட்டும் அவர் வாழ்க்கை தெளிவாகப் போட்டுக் காட்டுகிறது. பிறர் உழைப்பினால் அவருக்குக் கிடைத்தவை யாவும் போயின: மாளிகை போயிற்று, பண்ணை போயிற்று, நகைகளில் பலவும் போயின. தாமே கற்றுக்கொண்டவை மூன்று: படம் வரைவது, நோயாளியைப் பேணுவது, மண்ணில் வேலை செய்வது. அவை மூன்றும் மூன்று நாடுகளைத் தாண்டி அவரோடு வந்தன. நான்காவதாக வந்தது, தமக்குக் கீழே என்று எண்ணாமல் அவர் நடத்திய ஒரு மனுஷியின் அன்பு.

தாய்மார்களே, நம் பிள்ளைகளுக்கு நகை சேர்க்க முடியாமல் போகலாம். தையலோ, சமையலோ, இயந்திர வேலையோ, கணினியோ, தாதிப் பயிற்சியோ ஒன்றைக் கையோடு கற்றுக்கொடுக்க முடியும். பாடம் படிக்கும்போது பிள்ளை நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் படம் போட்டால், உடனே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். என்ன வரைகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

வேறொரு மாதரசியின் வரலாற்றோடு அடுத்த இதழில் சந்திப்போம்.